ஒன்பது இலைக் காட்டு ரோஜா

தாராவியில் தோல் பை தைப்பவன் நான். செம்பூரில் எங்கள் வீட்டு ஜன்னல் கிரில்லுக்குள் வளரும் ரோஜாக்கள் என் மனைவியின் ராஜ்யம். அங்கே ஒரே சட்டம்: காம்புக்கு ஐந்து இலை என்றால் ஒட்டு ரோஜா, பிழைக்கலாம், ஏழு என்றால் ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பிய வீண் தளிர், அவள் பாஷையில் ஜங்லி, கத்தரிதான்.

மவுண்ட் அபுவுக்குச் சுற்றுலா போனபோது, ஓடையோர டீக்கடைக்காரர் பூத்திருந்த தன் வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துத் தந்தார். இந்த மண்ணின் சொந்தக் காட்டு ரோஜா, வெயில் தாங்கும் என்றார். எல்லோரும் சால்வை வாங்கிய ஊரில் நான் முள் வாங்கி வந்தேன்.

குச்சி துளிர்த்தது. காம்புக்கு ஒன்பது இலை!

"ஏழுக்கே வெட்டுவேன். இது ஒம்பது! ஒங்க தலையில எவனோ நல்லா மொளகா அரைச்சிட்டான்" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டு மதினிக்கு ஒரே சிரிப்பு. "அண்ணாச்சி ரெக்சினையே தோலுன்னு வாங்கிட்டு வந்தவுக. செடியவா கண்டுபிடிக்கப் போறாக?"

ஒரு தடவைதான் வாங்கினேன். மதினிக்கு அது போதும்.

"பூக்கட்டும். ஜங்லி மாதிரி பொடிப்பூவா, கொத்துக் கொத்தா பூத்தா நானே வெட்டுதேன்" என்றேன். வாய்தா கிடைத்தது. அதன்பிறகு மொட்டு வரும்வரை, தினமும் பட்டறைக்குக் கிளம்புமுன் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டினேன்.

ஒரு மார்ச் காலையில் பூத்தது. ஒற்றைப் பூ. அகன்ற ஐந்து வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தக் கூட்டம்.

"ஒத்தப் பூ பூத்தா காட்டு ரோஜாவா?" மதினி விடவில்லை.

நான் பூவுக்கு அடியில் விரல் வைத்தேன். பூவைத் தாங்கி நின்ற குட்டி இலைகளில் ரோமம். ஸ்வேடு தோலைத் தடவுவதுபோல் இருந்தது. டீக்கடை வேலியில் தடவிய அதே மெத்தென்ற பரப்பு. ரெக்சினில் ஏமாந்த விரல் இதில் ஏமாறவில்லை.

"ஜங்லிப் பூவுல இது கெடையாது. தொட்டுப் பாரு" என்றேன்.

மனைவி தொட்டாள். மறுபடி தொட்டாள். பிறகு நிமிர்ந்து, "மதினி, ஒங்க வீட்டுல இருக்கது எல்லாம் நர்சரி ரோஜா. இது அசல் நாட்டுக் காட்டு ரோஜா. இந்த பில்டிங்லயே எங்க வீட்டுல மட்டுந்தான்!" என்றாள்.

'எங்க வீட்டுல'!

வெயில் நன்றாக விழும் இடத்திலிருந்து தன் சிவப்பு ரோஜாவை அவளே நகர்த்தி, இதை அங்கே வைத்தாள். அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் ஒன்பது இலையைப் பற்றி விளக்கிக்கொண்டே போனேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். அவருக்கும் விளக்கினேன்.