பந்திங் ஊரே சாம்பல் நிறமான தேர்தல்

புது வாக்காளர் பட்டியலுக்கு ஒரு வாசனை உண்டு... மண்ணெண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்த மாதிரி. எண்பதுகளில் ஒரு தேர்தல் சமயம். மலேசியாவில் எங்கள் பந்திங் ஊர்ச் சந்தையான பாசாருக்கு எதிரே, ஒரு கடையின் மாடியில் இருந்த கட்சிக் கிளை ஆபீஸில் அந்தப் பட்டியல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பதினாறு வயது.

ஃபார்ம் த்ரீயோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். கீழே தையல் கடையில் பட்டன் தைக்கிற வேலை. வாயைத் திறக்கவே மாட்டேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் கிளைத் தலைவர், தேர்தல் முடியும்வரை மதியத்தில் மேலே வந்து எழுதித் தரச் சொன்னார்.

வேலை இதுதான். கட்சித் தொண்டரான மணி அண்ணன் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வருவார். தலைவரின் கட்சிக்குப் போடுகிறவர்கள் வெள்ளை. எதிர்க்கட்சிக்குப் போடுகிறவர்கள் கறுப்பு. இன்னும் முடிவு செய்யாதவர்கள் சாம்பல். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நான் ‘வெ’, ‘க’, ‘சா’ என்று எழுத வேண்டும்.

மணி அண்ணனுக்கு ஊரே வெள்ளைதான்.

“எழுது தங்கச்சி, அந்த லைன் முழுக்க வெள்ளை லா!”

“எப்படிடா சொல்றே?” என்பார் தலைவர்.

“மூணு வீட்ல மைலோ கலக்கிக் குடுத்தாங்க தலைவரே. ஒரு வீட்ல உளுந்து வடை வேற!”

“போன தடவையும் இதேதான் சொன்னே. நீ வடையத் தின்னுட்டு வந்தே, பெட்டியத் தொறந்தா பாதி ஓட்டு அந்தப் பக்கம்!”

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. எந்தக் கட்சிக்காரர் வாசலில் வந்து நின்றாலும், “ஒங்களுக்குத்தான், கவலைப்படாதீங்க” என்று உட்காரவைத்துவிடுவார்கள். மறுநாள் மற்றவர் வந்தால் அவருக்கும் அதே பதில், அதே மைலோ. வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லையாம்.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“யம்மா, நீ தையக்கடையில இருக்கே. ஒன் முன்னாடி எல்லாரும் மனசு விட்டுப் பேசுவாங்க. நீயே பாத்து சரியா போடு. கவர்மெண்ட் மலிவு வீட்டுக்கு சிபாரிசு லெட்டர் கேட்டு நெறைய பேரு வந்திருக்காங்க. வெள்ளைக்குத்தான் லெட்டர்.”

யார் எந்தப் பக்கம் போடுவார்கள் என்று எனக்கு நிஜமாகவே தெரியும்... ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த அக்காமார் பேசியது எல்லாம் காதில் இருந்தது. நான் ஒரு எழுத்து எழுதினால் ஒருவருக்கு வீடு போய்விடும். அந்த லெட்டருக்குக் காத்திருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். ரோடு போடுகிற வேலை அவருக்கு. வாடகைக்கு எடுத்த ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர்.

அப்பா யாருக்குப் போடுவார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. சாயந்திரம் கேட்டேன்.

“அப்பா... ஒங்க பேருக்கு என்ன கலர் போடறது?”

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். “என் தலை என்ன கலரு?”

“நரைச்சிருக்கு.”

“அதையே போடு.”

அம்மா அடுப்பருகிலிருந்து கத்தினார். “ஒங்களுக்கு வீடு வேணுமா வேணாமா? வெள்ளைன்னு போட்டா கொறஞ்சா போயிடுவீங்க?”

“ஓட்டுப் போடற அன்னிக்குத்தான் நானே முடிவு பண்ணுவேன். அதுக்கு முன்னாடி அவ என்னத்த எழுதுவா?”

மறுநாள் அப்பாவுக்கு ‘சா’ போட்டேன். அவர் மட்டும் தனியாகத் தெரிவாரே என்று பக்கத்து வீட்டுக்கும் போட்டேன். பிறகு எதிர் வீட்டுக்கு... கை நிற்கவில்லை. மூன்று மதியத்தில் ஊரே சாம்பல்.

பட்டியலைப் புரட்டிய தலைவருக்கு வியர்த்துவிட்டது. “என்னம்மா இது, ஒரு வெள்ளைகூடவா இல்ல?”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். “யாரும் இன்னும் முடிவு பண்ணல தலைவரே.”

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மணி அண்ணனைத்தான் திட்டினார். “மசமசன்னு நிக்காதடா! எல்லா வீட்டுக்கும் நானே வரேன், வண்டிய எடு!”

அடுத்த இரண்டு வாரம் எங்களுக்கு ராஜ மரியாதை. அடைத்திருந்த சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள். வருஷக்கணக்காக எரியாத தெருவிளக்கு எரிந்தது. சிபாரிசு லெட்டர் கேட்ட அத்தனை பேருக்கும் கிடைத்தது. எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன், அப்பாவுடையதையும். தலைவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அவர் கட்சி ஜெயித்தது... மூச்சு வாங்கிக்கொண்டு. “நான் அப்பவே சொன்னேன்ல, வெள்ளைன்னு!” என்று மணி அண்ணன் பாசார் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அப்பாவுக்குக் கிடைத்த வீட்டில் இப்போது என் தம்பி இருக்கிறான். இன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யார் எந்தப் பக்கம் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மை வைத்த விரலோடு ஒரு செல்ஃபி, அதற்குக் கீழே ஒரு சண்டை. போன தேர்தலில் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போன மாமாவைத் தீபாவளிக்குத்தான் திரும்பச் சேர்த்தோம்.

அந்தச் சண்டை நடுவில் என் மகள் கேட்டாள். “தாத்தா யாருக்கும்மா ஓட்டுப் போடுவாரு?”

யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு சைக்கிளில் போவார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். “போட்டாச்சு” என்பார்.

அதற்கு மேல் நாங்கள் யாரும் கேட்டதில்லை.