பாப்பாத்தியக்காவின் பதினாலு வருஷம்

காப்பிப் பழத்தோல் ஊறிக் கிடக்கும் புளித்த வாசனை. அதற்கு நடுவே, ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸில், ஈரக்காற்றுக்குப் பயந்து துண்டு போர்த்தி வைத்த கம்ப்யூட்டர்...

தொண்ணூறுகளின் நடுவில் என் முதல் வேலை இப்படித்தான் தொடங்கியது.

சேலத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. எஸ்டேட் ஆட்களின் ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற என்னை அனுப்பியிருந்தார்கள். எதையும் 'கிளாஸ்' என்ற வகைகளாகப் பிரித்து புரோகிராம் எழுதும் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் டிசைன் அப்போது புதுசு. புத்தகம் படித்த திமிர் வேறு எனக்கு! பழம் பறிப்பவர் ஒரு கிளாஸ், செடிக் கிளைகளைக் கவாத்து வெட்டுபவர் ஒரு கிளாஸ், டிரைவர் ஒரு கிளாஸ் என்று ஆட்களைப் பிரித்து டயக்ராம் போட்டேன். சுவரில் ஒட்டி நானே ரசித்தேன்.

பத்து வருஷம் சர்வீஸ் ஆனவர்களுக்கு எஸ்டேட்டிலேயே புது வீடு. அந்தப் பட்டியலை என் புரோகிராம்தான் எடுத்தது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வாசலில் நின்று படித்தார். டிரைவரையும் வாட்ச்மேனையும் தவிர யார் பெயரும் இல்லை.

கிளியூரில் ஒழுகும் வாடகை வீட்டிலிருந்து தினமும் நடந்து வரும் பாப்பாத்தியக்கா, விடுவிடுவென்று உள்ளே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, பதினாலு வருசமா இங்கதான் பாடுபடறேன். எம் பேரு எங்கீங்க?"

தேடினேன். கவாத்துப் பிரிவில் இருந்தார். சர்வீஸ், ஒரே மாதம்!

"போன மாசம் வரைக்கும் பழம் பறிச்சேனுங்க. இப்பக் கவாத்து. வேலதான மாறுச்சு, நா மாறலீங்களே!"

சுருக்கென்றது. பழைய ரிஜிஸ்டரை ஏற்றும்போது, வேலை மாறிய ஒவ்வொரு தடவையும் என் டிசைன் அந்த ஆளை அழித்துவிட்டுப் புது ஆளைச் சேர்த்திருக்கிறது. அடக் கடவுளே!

மேனேஜரிடம் போய், "தப்பு என்னுது சார்" என்றேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். இரண்டு நாள் கொடுத்தார்.

இந்தத் தடவை புத்தகத்தைத் தொடவில்லை. அட்டைகள் வெட்டினேன். ஆளுக்கு ஒன்று, வேலைகளுக்குத் தனித்தனி. ஆள் அட்டையைப் பாப்பாத்தியக்கா கையில் கொடுத்தேன். அவர் தன் வருஷங்களைச் சொல்லச் சொல்ல, வேலை அட்டைகளை மட்டும் மாற்றினோம். அதன்படியே புரோகிராமைத் திருத்தினேன்.

புதுப் பட்டியலில் அவருக்குப் பதினாலு வருஷம் வந்தது. வீடும் வந்தது.

"நொம்ப சந்தோசமுங்க சாமி" என்று என் கன்னத்தை வழித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றைக்கு டயக்ராமை டூலே வரைந்து தருகிறது. ரிவ்யூ எல்லாம் வீடியோ காலில். என் டிசைனில் யாருடைய வருஷங்கள் தொலைகின்றனவோ, தெரியாது... அவர்களால் என் மேஜைவரை நடந்து வர முடியாது.

அன்றைக்கு நீங்கள் வந்தீர்கள். சத்தம் போட்டீர்கள். நன்றி, அக்கா.