என்ஜினில் இருந்த டபிள்யூ

இன்று மாலை திருநகர் பக்கம் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தேன். ஒரு டீசல் என்ஜின் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனது.

பக்கத்து பைக்கில் அப்பாவுக்குப் பின்னால் பள்ளிச் சிறுமி ஒருத்தி.

"டபிள்யூ டி ஜி நாலுன்னு போட்டிருக்கே, என்னப்பா அது? நாளைக்கு க்விஸ்ல ரயிலப் பத்தித்தான் கேப்பாங்க."

அவர் முழித்தார். நான் சொன்னேன். "டபிள்யூன்னா அகலப்பாதை, டி டீசல், ஜி கூட்ஸ் வண்டி. நாலுன்னா நாலாயிரம் குதிரைசக்தி."

"வீட்டுக்காரர் ரயில்வேயாக்கா?" என்றார் அப்பா.

"இல்லைங்க. ஆசைப்பட்டு நானே படிச்சது."

சிரித்தபடி அந்தப் பக்கம் நின்ற ஆட்டோக்காரரிடம் திரும்பினார்.

"அண்ணே, இஞ்சின்ல டபிள்யூன்னா என்னண்ணே?"

"வேகனா இருக்கும்ப்பா."

"கேட்டுக்கிட்டியா? வேகன். எழுதிக்க."

சிறுமி என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். கேட் திறந்தது, போய்விட்டார்கள்.

ஆட்டோக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் 'இருக்கும்' என்றுதான் சொன்னார். தெரிந்து சொன்ன எனக்கு மட்டும் வீட்டுக்காரர் சாட்சி வேண்டியிருக்கிறது.

அவளுடைய டீச்சர் யாராவது இந்தப் பதிவைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நாளைக்கு அவள் வேகன் என்று சொன்னால், மார்க்கை அவளுக்குக் குறைக்காதீர்கள், அப்பாவுக்குக் குறையுங்கள்.