சங்கமித்ராவும் சாவிக்கொத்தும்

என் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எழுபத்தெட்டு. இதைச் சொன்னது டாக்டர் இல்லை, மாடி வீட்டு சங்கமித்ரா. ஒக்கலிபுரத்தில் ஒரே கட்டடத்தில் கீழே நானும், மேலே அவளும் அவள் அம்மா லட்சுமம்மாவும் குடியிருக்கிறோம். சிவாஜிநகர் துணிக்கடையில் ஐந்து வருஷம் புடவை பிரித்துப் போட்ட பெண், திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் போகும் முதலுதவியாளர் பயிற்சியில் சேர்ந்தாள். அன்றிலிருந்து காலையில் பால் வாங்கக் கிளம்பும் என்னைப் படிக்கட்டில் மடக்கி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "ஸ்வல்ப நேரம் நில்லுங்க தொரைண்ணா, எண்ணிக்கை தப்பிடும்." பால் தீர்ந்துபோனாலும் அவளுக்குக் கவலையில்லை.

எழுத்துத் தேர்வில் அவள்தான் வகுப்பில் முதல். செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டாள். அதற்குக் காரணம் லட்சுமம்மா என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் லட்சுமம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் செருகிய இரும்புச் சாவிக்கொத்தை உருவி, விழுந்தவர் கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நிற்கும். தெருவே கும்பிடும். தானாக நிற்கிற வலிப்புக்குச் சாவி பேர் வாங்கிக்கொண்டது என்று யாருக்குத் தெரியும்? நானும் இரண்டு தடவை சாவியோடு ஓடியவன்தான்.

தேர்வன்று கூடப் படிக்கும் கிரண் தரையில் விழுந்து கைகாலை உதறி நடித்தான். சங்கமித்ராவுக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. அவனை அப்படியே விட்டுவிட்டு, வாசலில் வைத்திருந்த தன் பையிடம் ஓடி, வீட்டுச் சாவியைத் துழாவி எடுத்து வந்து அவன் கையில் வைத்து அழுத்தினாள். கிரண் வலிப்பை மறந்து சிரித்துவிட்டான். தேர்வாளர் கோதண்டராமன் சிரிக்கவில்லை. "நாப்பது செகண்ட் பேஷண்ட் பக்கத்துல யாருமே இல்லம்மா" என்று மட்டும் சொல்லி ஃபெயில் போட்டார்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதிலும் தவறினால் படிப்பை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆம்புலன்ஸில் அவளுக்காக வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். மூன்று நாள் அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. என் கையைப் பிடிக்க ஆளில்லாமல் நேரத்துக்குப் பால் வாங்கி வந்தேன். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் மாடியில் சண்டை வெடித்தது.

"சாவி வேலை செய்யாதாம்! நாப்பது வருஷமா எத்தினி பேரு எழுந்து உக்காந்தாங்கோ, கேட்டுப் பாருடி!"

"அது தானா நின்னுதும்மா. பாதிப் பேருக்கு மேல ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடும். அஞ்சு நிமிஷம் தாண்டினாத்தான் ஆபத்து. அதுக்குத்தான் மணி பாக்கணும்."

"அப்போ இத்தினி நாளா நான் சும்மாவா புடிச்சினு இருந்தேன்?"

கீழே நின்று கேட்ட எனக்கு லட்சுமம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது.

இரண்டாம் தேர்வு சனிக்கிழமை. வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கையில் இருந்தால்தானே வம்பு!

ஆனால் கோதண்டராமன் லேசில் விடுகிற ஆளா? இந்த முறை கிரண் விழுந்ததும், நர்ஸ் வீணா வழிப்போக்கராக நடித்துக்கொண்டு ஓடி வந்தார். கையில் ஒரு சாவி. "ஐயோ, கையில கொடும்மா, கொடும்மா!" என்று கத்திக்கொண்டே கிரண் மேல் பாய்ந்தார். சங்கமித்ராவுக்கு அந்தக் குரல் அம்மா குரல் மாதிரியே கேட்டதாம். தள்ளிவிட மனசு வரவில்லை.

"கொடுங்கக்கா, நான் பத்திரமா வச்சுக்கறேன். நீங்க மணி பாருங்க. எவ்ளோ நேரம் உதறுதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்று சாவியை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். வீணா அடங்கிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கமித்ரா பக்கத்திலிருந்த நாற்காலியை நகர்த்தினாள். கிரணின் தலைக்கடியில் துணியை மடித்து வைத்தாள். கைகாலை அமுக்காமல், வாயில் எதையும் வைக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தாள். உதறல் நின்றதும் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைப் பார்த்தாள்.

கோதண்டராமன் ஏதோ எழுதினார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முடிவு திங்கட்கிழமை என்றார்கள்.

சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் எனக்கும் லட்சுமம்மாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோதண்டராமன்! ஸ்பீக்கரில் போட்டாள்.

"சங்கமித்ரா, அந்தச் சாவி விஷயமா பேசணும்."

அவள் முகம் செத்துவிட்டது. "சார், அவன் கையில நான் வைக்கவே இல்ல சார்!"

"வைக்கலம்மா. உன் பாக்கெட்ல வச்சுக்கிட்ட. அது என் ஸ்கூட்டர் சாவி. ரெண்டு மணி நேரமா இங்க வாசல்லயே நிக்கறேன்."

பாக்கெட்டில் கைவிட்டாள். இருந்தது. "ஐயோ! சாரி சார், இதோ வரேன் சார், இதோ!"

"பதறாதே. பாஸானவங்க இப்படிப் பதறக் கூடாது."

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் செருப்பைத் தேடினாள். அப்போதுதான் லட்சுமம்மா வாயைத் திறந்தார்.

"அந்த நர்ஸம்மாவ நீ தள்ளிவிடலியா?"

"எப்படிம்மா தள்றது? பாவம், ஒதவி பண்ணத்தானே ஓடியாந்தாங்க. அதான் மணி பாக்கச் சொன்னேன்."

லட்சுமம்மா இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மொதல் சம்பளத்துல எனக்கொரு வாட்ச் வாங்கியாடி" என்றார். "முள்ளு பெருசா இருக்கறதா பாத்து வாங்கு."