சென்றிக்கு அந்தப் பக்கம் நின்ற மகள்

சென்ற வருடம் ஆவணி மாதம் என் மகள் ஜெனிற்றா பேச்சை நிறுத்தினாள். பதின்மூன்று வயது. காய்ச்சல் இல்லை, தொண்டையில் நோவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், குசினியில் தாய்க்குத் தேங்காய் துருவிக் கொடுத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. அதற்கு முன் வீட்டில் ஒருவர் கேள்வியை முடிக்க முன்னமே அவள் பதிலை முடித்துவிடுவாள். இந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் சும்மா இருக்கக் கூடாதா என்று ஆண்டவரிடம் நானே முறையிட்டிருக்கிறேன். அந்த மன்றாட்டுத்தான் இப்படிக் கேட்கப்பட்டுவிட்டதோ என்று பயந்தேன்.

நடந்தது இதுதான். கப்பல்துறையில் என் மனைவி எஸ்தரின் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டு நாங்கள் மூவரும் பஸ்ஸில் திருகோணமலைக்குத் திரும்பினோம். வழியில் படையினரின் சோதனைச் சாவடி, நாங்கள் சொல்லும் சென்றி, அங்கே எல்லோரும் இறங்கி, வரிசையாக நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸில் மறுபடி ஏற வேண்டும். இறங்கும்போது பிள்ளைகளுக்கு நாம் எல்லோரும் சொல்வது, "வாயைத் திறக்கப்படாது." ஏறி உட்கார்ந்ததும் சொல்வது, "முடிஞ்சுது, இனிக் கதைக்கலாம்." உடனே பஸ் சந்தையாகிவிடும்.

அன்று என்னை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள். நான் துறைமுகக் களஞ்சியத்தில் ஆணிக்கும் கயிற்றுக்கும் கணக்கெழுதுகிறவன். வீட்டில் அலுமாரி நிறையப் புத்தகம், இடுப்பைச் சுற்றி நிறையத் தொப்பை. என் முகத்தில் என்ன வீரத்தைக் கண்டார்களோ தெரியாது. எஸ்தர் என் பின்னால் நின்று அழுது மன்றாடினாள்; அவளையும் மறித்துவிட்டார்கள். ஜெனிற்றா எங்களுக்கு முன்னே நடந்துபோய் ஏறிவிட்டாள். பஸ் அவளோடு போய்விட்டது. அதே பஸ்ஸில் இருந்த பக்கத்துவீட்டுப் பெண் ஒருவர் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றிரவே எஸ்தரும், மூன்றாம் நாள் நானும் வீடு வந்தோம். மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். சத்தம் வரவில்லை.

வைத்தியர் தொண்டையைப் பார்த்து, நல்ல தொண்டை என்றார். நான் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, கொழும்பிலிருந்து பெரிய படிப்புப் படித்த ஒருவரை அனுப்பும்" என்று தகுதியையும் குறிப்பிட்டே கேட்டேன். வந்தது ஹம்சியா. கிண்ணியாவிலிருந்து சனிக்கிழமைகளில் படகுப்பாதையில் வந்து, எங்கள் ஆலய மண்டபத்தில் மனம் நொந்தவர்களோடு பேசி உளவளத்துணை செய்கிற பெண். குடும்பமாகப் போகச் சொன்னார் போதகர்.

எனக்குச் சந்தேகம். கேள்வி கேட்கிற எவரையும் நம்ப முடியாத ஊரில், கேள்வி கேட்பதையே வேலையாக வைத்திருக்கிற ஒருவரை எப்படி நம்புவது?

"உங்களப் பத்திச் சொல்லுங்க சேர்" என்றார் அவர்.

நான் பெயர், தகப்பன் பெயர், விலாசம், தொழில், பயணத்தின் காரணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். எஸ்தர் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டினாள்.

"உள்ள வையுங்க அக்கா. நானும் என்டத இப்பதான் இறங்குதுறையில காட்டிட்டு வாறன்."

பிறகு நான் தொடங்கினேன். "உங்களை ஆர் அனுப்பினது? நாங்கள் சொல்லுறதை ஆரிட்டச் சொல்லுவீங்கள்? உங்கட ஊரில செய்யாமல் ஏன் இஞ்ச?"

"அங்கயும் செய்றன் சேர். ஒருத்தருக்கும் சொல்றதில்ல. இன்னும் கேளுங்க, கேட்டு முடியட்டும்."

எஸ்தர் என் காதில் சீறினாள். "இஞ்சாருங்கோ, உங்களைப் பிடிச்சு வச்சவங்கள்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டாங்கள்."

தொடர்ந்து போனோம். கதவுக்குப் பின்னால் யாராவது நின்று கேட்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தேன். ஒருநாள் பிடித்தும்விட்டேன். நின்றது போதகர், விளக்குமாறு எடுக்க வந்தவர். என் ஜெபத்தைக் கடவுள் சரியாகக் கேட்டாரா என்பதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை ஹம்சியா என்னிடம் கேட்டார். "பஸ்ஸில திரும்ப ஏறினா பிள்ளைக்கு என்ன சொல்லுவீங்க சேர்?"

"முடிஞ்சுது, இனிக் கதைக்கலாம் எண்டு."

"அண்டைக்கு ஆர் சொன்னது?"

அன்று பஸ் போனபோது நாங்கள் இருவரும் சென்றியிலேயே நின்றோம்; சொல்ல ஒருவருமில்லை.

"பிழை பிடிக்கக் கேக்கல்ல. உங்க ரெண்டு பேரையும் விடல்ல. அவ்வளவுதான்."

மண்டபத்துக்குக் குறுக்கே ஆட்கள் உட்காரும் நீள வாங்கு ஒன்றைப் போட்டார், அதுதான் சென்றி. அதற்கு அந்தப் பக்கம் மூன்று கதிரை, அதுதான் பஸ். இந்த வயதில் பஸ் விளையாட்டா என்று முணுமுணுத்தேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். ஜெனிற்றா வாங்குக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏலாட்டிக் கைய உயர்த்துங்க மகள், உடனே நிப்பாட்டுவம்" என்றார் ஹம்சியா. அவள் உயர்த்தவில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெறும் வாங்கு. ஆனாலும் அதைத் தாண்டும்போது என் கை அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது. கதிரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். எனக்கே குரல் வரவில்லை. ஆண்டவரே, என்றேன் மனத்துக்குள். அதற்கு மேல் தகுதி, படிப்பு எதையும் நான் குறிப்பிடவில்லை.

"முடிஞ்சுது பிள்ளை. இனிக் கதைக்கலாம்."

அவள் திரும்பி வாங்கைப் பார்த்தாள். பிறகு, துருப்பிடித்த கதவு திறப்பது போல ஒரு குரல் வந்தது.

"அம்மா இன்னும் ஏறேல்ல."

எஸ்தர் வாங்குக்கு அந்தப் பக்கம் நின்று விம்மிக்கொண்டிருந்தாள். ஓடி வந்தாள். கையில் அடையாள அட்டை.

நான் ஹம்சியாவிடம் சொன்னேன். "நான் ஜெபிச்சுக் கேட்டனான். கர்த்தர் உங்களை அனுப்பினார்."

"நானும் ஒவ்வொரு நாளும் விடியச் சுபஹுத் தொழுகையில இவவுக்காகக் கேட்ட நான் சேர்."

விண்ணப்பம் இரண்டு வழியாகப் போயிருக்கிறது. இதற்குப் போதகரிடம் நான் விளக்கம் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. சென்றியைக் கண்டால் அவள் இன்னமும் கல்லாகிவிடுவாள். யுத்தம் முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல என்னால் ஏலாது. ஆனால் ஒவ்வொரு மாலையும் வாசல் கதவைச் சாத்தியதும், "இண்டைக்கு முடிஞ்சுது" என்று சொல்கிறேன். வீடு சந்தையாகிவிடுகிறது. இப்போது அந்த இரைச்சலுக்காகத்தான் தோத்திரம் செய்கிறேன்.

சகோதரரே, உங்கள் வீட்டிலும் ஒருவர் எங்கோ ஏறாமல் நிற்கக் கூடும். ஜெபியுங்கள். ஜெபித்தபின் சனிக்கிழமை குடும்பமாக மண்டபத்துக்கு வாருங்கள். சந்தேகம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், நானும் அதோடுதான் வந்தேன். அடையாள அட்டை மட்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.