மீன் போன திசை

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஏழரைக்கு அலுவலகத்தைத் திறந்தேன். ஜன்னல் திரையை உயர்த்தினேன், கோப்பி இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன், மேசையில் கிடந்த வரைபடங்களை அடுக்கினேன். டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் நடைப்பயணங்கள் ஒழுங்கு செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. பாதை வகுப்பது என் வேலை. அதுவரை ஐரோப்பாவுக்கு வெளியே நாங்கள் யாரையும் அனுப்பியதில்லை.

இரண்டு குளிர்காலமாக நான் வகுத்த பாதை ஜப்பானில் இருந்தது. வகாசா என்ற பழைய மாகாணம். இன்று ஃபுக்குயி மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் உள்வளைந்து நெளியும் கடற்கரை, மறுபக்கம் மலை. முற்காலத்தில் அரச சமையலறைக்கு மீனும் உப்பும் அனுப்பும் பொறுப்பு இந்தச் சிறிய மாகாணத்துக்கு இருந்தது. பிற்காலத்தில் அதன் துறைமுகமான ஒபாமாவில் உப்பிட்ட கும்பளா மீனை முதுகில் சுமந்து, மலை கடந்து, கியோத்தோவில் விற்றார்கள். இங்கே மக்கறல் என்று தக்காளிச் சாற்றோடு டின்னில் வருகிறதே, அந்த இனம்தான். அந்த வழிக்கு மக்கறல் பாதை என்றே பெயர்.

வழியில் குமகாவா என்ற பழைய தங்கல் ஊர். தெருவோரம் வாய்க்கால் ஓடும். இரு பக்கமும் பழைய மரவீடுகள். எங்கள் குழு முழுவதற்கும் இடம் இருந்த விடுதி அங்கே ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் பயணமே இல்லை. “புதன் மத்தியானத்துக்கிடையிலை முடிவு வராட்டி, பஸ்ஸிலை கோயில் பாக்கிற பயணமா மாத்திப்போடுவம்” என்று முதலாளி கிர்ஸ்டன் டேனிஷில் சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்கு விடுதிக்காரர் தனாபே கணினித் திரையில் வந்தார். வரைபடத்தை முதல் நாளே அனுப்பியிருந்தேன். நிதானமான ஆங்கிலத்தில் பேசினார்.

“படம் அழகாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கஷ்டம்.”

“ஆட்கள் அதிகமோ?”

“இல்லை.”

“திகதி சரியில்லையோ?”

“திகதி மிகவும் நல்லது. கொஞ்சம் கஷ்டம்.” தலைகுனிந்து வணங்கினார். அழைப்பு முடிந்தது. மறுத்துவிட்டார் என்பது விளங்கியது, காரணம் விளங்கவில்லை.

மத்தியானம், பயணப் பதிவுகளைக் கவனிக்கும் ரெஜினா சாப்பாட்டுத் தட்டோடு வந்து, என் சுவரில் ஒட்டியிருந்த அதே வரைபடத்தின் முன்னால் நின்றார். மீன்பிடிக்குப் பேர்போன மன்னார்க்காரி.

“அண்ணை, இந்த மீனைக் கியோத்தோவிலை பிடிச்சுக் கொண்டுபோய்க் கடலிலை விடுறவையளோ?”

“என்ன கதைக்கிறீர்?”

“உங்கடை அம்புக்குறி அப்பிடித்தானே சொல்லுது. உப்புப்போட்ட மீன் திரும்பிக் கடலுக்குப் போகுமே? மன்னாரிலை இந்தப் படத்தைக் காட்டினா உங்களை வள்ளத்திலை ஏத்தமாட்டினம்.”

சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. டேனிஷ்காரருக்கு நடை முடிந்ததும் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். எங்கள் எல்லாப் பாதைகளும் ஏரியிலோ கடலிலோ முடியும். அந்தப் பழக்கத்தில் இதையும் கியோத்தோவில் தொடங்கி ஒபாமாவில் முடித்திருந்தேன். உண்மையில், அந்த நடை நாட்களில்தான் உப்பு மீனுக்குள் இறங்கியது. தலைநகரைச் சேரும்போது பதம் சரியாக இருந்தது. திசையை மாற்றினால் வகாசா கியோத்தோவின் வெறும் பின்வளவு. அதற்குத் தனாபே தன் வாசலை ஏன் திறக்கப் போகிறார்?

திசையைத் திருப்புவதற்குக் கிர்ஸ்டன் இலகுவில் இணங்கவில்லை. “கடைசியிலை கடல் இல்லாட்டி எங்கடை சனம் வராது.”

“முதல் நாளே கடலிலை தோயட்டும்,” என்றார் ரெஜினா. “அந்த உப்போடை நடக்கட்டும். கியோத்தோவுக்குப் போகேக்கை நல்லா ஊறியிருப்பினம்.”

கிர்ஸ்டனுக்குக் கோப்பி புரையேறியது. “அதைக் கையேட்டிலை போடுங்கோ,” என்றார் இருமிக்கொண்டே.

பின்னேரம் அம்புக்குறிகளைத் திருப்பினேன். முதல் பக்கத்தில் ஒபாமாத் துறையை வைத்தேன். தனாபேவுக்கு இரண்டு வரிதான் எழுதினேன்: “கடலிலிருந்து தொடங்குகிறோம். இரண்டாம் நாள் மாலை உங்கள் வாசலுக்கு வர விரும்புகிறோம்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நடப்பவருக்கு எது வசதி என்று பார்க்க முன்னர், அந்தப் பாதையில் சுமை எங்கிருந்து புறப்பட்டது என்று கேளுங்கள்.

புதன்கிழமை ஏழரைக்குக் கதவைத் திறந்தேன். பதில் வந்திருந்தது. “எத்தனை படுக்கை விரிக்க வேண்டும்? டென்மார்க்கில் காலைச் சாப்பாட்டுக்குக் கும்பளா சாப்பிடுவார்களா?”

திரையை உயர்த்தவில்லை, கோப்பிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மேலங்கியோடு நின்றபடியே எழுதினேன்: “சாப்பிடுவார்கள்.”