பாப்பாரப்பட்டி அருள் சார்

அருள்ராணி தன் பெயரைப் பாதியாக எழுதியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பதினேழு வயதில் முதன்முதலாக ஒரு காமிக்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதினாள். அஞ்சலட்டையில் இடம் தீர்ந்துபோனது. 'அருள், பாப்பாரப்பட்டி' என்று நெருக்கி எழுதி முடித்தாள். அடுத்த மாதம் வாசகர் பக்கத்தில் அது அச்சாகி வந்தது. அதற்கடுத்த மாதம் விருத்தாசலத்திலிருந்து ஒருவர், 'பாப்பாரப்பட்டி அருள் சார் சொல்வதை நான் முழுமையாக ஆமோதிக்கிறேன்' என்று எழுதியிருந்தார். திருத்தலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். ஊருக்குள் தன்னை யாரும் அப்படிக் கூப்பிடப்போவதில்லை, அங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக அவள் சார்.

படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றது. பென்னாகரம் போகிற சாலையில் தீர்த்தகிரி என்பவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் தட்டுகிற வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் திருத்தம். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தங்கள் கஷ்டத்தை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். "அவ்ளோ வேணாங்கம்மா. அங்க ஒரு வரிதான் படிப்பாங்க. என்ன வேணுமோ அத மட்டும் சொல்லுங்க" என்பாள். கண்டிப்பாகச் சொல்வாள், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் அதே கம்ப்யூட்டரில் அவளுடைய இன்னொரு வேலை நடக்கும். அஞ்சலட்டைக் காலம் போய், அந்த இதழின் பதிப்பகம் இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தது. வெள்ளோட்டம் காமிக்ஸ் என்று பெயர். தெற்கே ஒரு சின்ன ஊரில் ஆசிரியர் ஒருவரும் அச்சுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் சேர்ந்து நடத்தினார்கள். போதுமான பேர் முன்பதிவு செய்தால் வெளிநாட்டு சூப்பர்ஹீரோ கதைகளைத் தமிழில் போடுவார்கள். என்ன வரப்போகிறது என்று ஆசிரியர் அறிவித்தால் போதும், 'அருள் சார் என்ன சொல்கிறார்?' என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள்.

அருள் சார் நிறையச் சொல்வார். காப்பாற்றிய ஆளையெல்லாம் மறுநாள் மறந்துபோகும் ஒரு வீராங்கனையின் கதை வரப்போகிறது என்றால், மூன்றாம் பாகத்துக்கு மேல் அதில் சரக்கு இருக்காது என்று சொல்லிவிடுவார். அப்படியேதான் ஆகும். ஒரு கதை திரைப்படமாகப்போகிறது என்று தெரிந்தால் இன்னும் காரமாக எழுதுவார். 'காமிக்ஸ் பக்கத்தில் ஒரு படக்கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு விடுகிறார்கள் அல்லவா? அந்தக் கோட்டில் நடப்பதை நாம்தான் நடத்துகிறோம். கை ஓங்கியது ஒரு கட்டம், ஆள் விழுந்து கிடப்பது அடுத்த கட்டம். அடித்தது நாம். திரைப்படத்தில் அந்தக் கோட்டையும் சேர்த்து அவர்களே நிரப்பிவிடுகிறார்கள், அதுவும் இசை போட்டு' என்று ஒருமுறை எழுதினாள். அந்த வரிகளை ஒருவர் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்.

ஆனால் அவள் உயிர் இருந்தது ஒரு கதையில்தான். தும்பி.

தும்பி இத்தாலிக் கதை. ஆங்கிலத்தில் ஐந்து பாகத்தோடு நின்றுவிட்டது; தமிழில் எட்டு வந்திருந்தது. மற்ற வீரர்களுக்குப் பாகத்துக்குப் பாகம் சக்தி ஏறும். தும்பிக்கு இறங்கும். ஒருவரைக் காப்பாற்றினால் அந்த அளவுக்கு அவனிடம் குறையும், திரும்ப வராது. முதல் பாகத்தில் பாலத்தைத் தூக்கினான். மூன்றாம் பாகத்தோடு பறப்பது போயிற்று. ஆறாம் பாகத்தில் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. யாராவது 'முடியுமா?' என்று கேட்டால், 'இன்னும் கொஞ்சம் இருக்கு' என்பான். அவ்வளவுதான் வசனம். எட்டாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தில், அணை நிரம்பி வழிகிற நேரத்தில், மதகின் இரும்புச் சக்கரத்தில் அவன் கை இருக்கிறது. அவனிடம் இப்போது ஒரு சாதாரண மனிதனுடைய தெம்புகூட இல்லை. கீழே ஒரு தெருவே தூங்குகிறது. சக்கரம் திரும்பியதா இல்லையா என்பது ஒன்பதாம் பாகத்தில். அதுதான் கடைசி.

மூன்று வருஷமாக அந்தக் கைக்காகக் காத்திருந்தாள். இருபத்தொன்பது வயதில் இதற்காகக் காத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அம்மா ரோசம்மாள் கூரியர் கவரைப் பார்க்கும்போதெல்லாம், "பொம்மை பொஸ்தகத்துக்கு வூடு தேடி ஆள் வருது, பொண்ணு பாக்கத்தான் ஒருத்தனும் வரமாட்டேங்கறான்" என்பாள். அருள்ராணி கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஊரில் அவளைத் தவிர அந்தப் புத்தகங்களைப் படிக்கிற ஒரே ஆள் மாது. அவளோடு பள்ளியில் படித்தவன், போர்வெல் லாரியில் போகிறவன். ஆறு மாதம் வடக்கே இருப்பான், நாலைந்து மாதம் ஊரில் இருப்பான். ஊருக்கு வந்தால் அவளிடம் இரவல் வாங்கிப் படிப்பான். இந்தமுறை வந்தவன் சென்டருக்குள் நுழையும்போதே செல்போனை நீட்டினான்.

"அருளு, உன்னாளு வந்துட்டான் பாரு."

தும்பியைத் திரைத் தொடராக எடுத்திருந்தார்கள். முன்னோட்டம் வந்திருந்தது, தமிழ் பேசி. நெருப்புச் சிறகோடு ஒருவன் கட்டடங்களுக்கு மேலே போனான். 'இது வெறும் ஆரம்பம்தான்' என்றான்.

"இது யாரு?" என்றாள்.

"தும்பிதான். பேரு மட்டும் வேற வச்சிருக்கறாங்க."

"தும்பிக்குத்தான் பறக்கறது போயிடுச்சே மாது."

"அது பொஸ்தகத்துல."

"பொஸ்தகந்தாண்டா கதை."

"ஏ, நானே ஆறு மாசம் மத்தியப் பிரதேசத்துல மண்ணத் தின்னுட்டு வந்திருக்கறேன். நாலு போர் போட்டா ரெண்டுல தண்ணி இல்ல. படத்துலயும் ஒருத்தன் தேஞ்சு தேஞ்சு போனான்னா நான் எதுக்குப் பாக்கோணும்?"

வருமானச் சான்றுக்கு ஒரு பெரியவர் காத்திருந்தார். "உக்காருங்கய்யா" என்று அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரமே ஆசிரியரின் அறிவிப்பு வந்தது. ஒன்பதாம் பாகத்துக்கு உரிமை கிடைக்கும், ஆனால் நிபந்தனை இருக்கிறது: அட்டையில் தொடரில் நடிக்கிறவர் படம் வர வேண்டும், தும்பி என்ற பெயரை விட்டுவிட்டுத் தொடரின் பெயரை வைக்க வேண்டும். 'என்ன செய்யலாம் நண்பர்களே?' என்று கேட்டிருந்தார்.

அருள்ராணி மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் தட்டினாள். பதினோரு பத்தி. முதல் பத்தியிலேயே எழுதினாள்: 'நடிகரின் முகத்தை ஒட்டி, பெயரையும் மாற்றித்தான் கொண்டுவர முடியும் என்றால், தும்பி வரவே வேண்டாம்.' பிறகு முன்னோட்டத்தைப் பிரித்துப் போட்டாள். பிறகு கோபம் இறங்கியது. கடைசிப் பத்தியில், 'வேறு வழியே இல்லையென்றால் அப்படியே போடுங்கள். அட்டையைக் கிழித்துவிட்டுப் படித்துக்கொள்கிறேன். எப்படியாவது முடிவைக் கொடுத்துவிடுங்கள்' என்று எழுதினாள். அதுதான் அவள் கேட்டது. அதற்கு முந்தைய பத்து பத்தியும் ஆதங்கம்.

மாலைக்குள் இருநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். 'சபாஷ் சார்', 'நெத்தியடி', 'அருள் சார் வழியே என் வழி' என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. பதினோராவது பத்தியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அது அவளுக்கு லேசாக உறுத்தியது. சரி, ஆசிரியர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து இதழ் வந்தது. நடுப்பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு செய்தி. வாசகர்களின் உணர்வுக்கு மதிப்பளித்துத் தும்பி ஒன்பதாம் பாகம் கைவிடப்படுகிறது. அதன் கீழே தடித்த எழுத்தில்: "தும்பி வரவே வேண்டாம்." – அருள், பாப்பாரப்பட்டி.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். பின்பாதி தானாகவே முழு வாக்கியமாக நின்றது.

மறுநாள் சென்டருக்குப் பின்பக்கம் போய் ஆசிரியருக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"வணக்கங்க. பாப்பாரப்பட்டியில இருந்து பேசறேங்க. அருள்."

"அடடே, அருள் சார் வீட்லயா? சார் சௌக்கியமா? அவர்ட்ட குடுங்கம்மா."

"நான்தாங்க அருள்."

"சார் கோவமா இருக்காரா? பரவால்ல குடுங்க, நானே பேசிச் சமாதானம் பண்ணிக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எட்டாம் பாகத்துல மதகுன்னு வர வேண்டிய எடத்துல கதவுன்னு போட்டுட்டீங்கன்னு சண்ட போட்டனேங்க. நாப்பத்தி ஒண்ணாம் பக்கம். அந்த அருள்ங்க."

"ஏம்மா... நீங்களா?" என்றார். குரல் மாறியிருந்தது. "இத்தன வருஷமா சொல்லவே இல்லையேம்மா."

"அது இருக்கட்டுங்க. தும்பிய நிறுத்தச் சொல்லி நான் எழுதலைங்க. அந்த வரிக்கு முன்னாடி பாதி இருக்குங்க. கடைசிப் பத்திய நீங்க படிக்கலீங்களா?"

"படிச்சேம்மா. கட்டத்துக்குள்ள எடம் இல்ல, மூணு வார்த்தைதான் புடிச்சுது. ஆனா அத வச்சு நிறுத்தலம்மா. நீங்க எழுதின மறுநாளே ஒவ்வொருத்தரா முன்பதிவ வாபஸ் வாங்கிட்டாங்க. அருள் சாரே வேணாங்கிறாரு, எங்களுக்கு எதுக்குன்னு. நானூறு பேர் இருந்த எடத்துல நூத்திப்பத்து பேர் நின்னாங்க. அத வச்சு நான் எப்படிம்மா உரிமையப் புதுப்பிக்கறது? தேதியும் முடிஞ்சுபோச்சு."

"நான் எழுதறேங்க. எல்லாரையும் திரும்பப் பதியச் சொல்றேன். கேப்பாங்க."

"கேப்பாங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க. ஆனா படக்காரங்க மொத்த உரிமையையும் வாங்கிட்டாங்க. பழசு எதையும் எந்த மொழியிலயும் இனிமே தரமாட்டாங்க. படத்துல வர்ற மாதிரி புதுசா வரையப்போறாங்களாம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நீங்க படிச்சீங்களா? ஒன்பதாம் பாகம்? சக்கரம் திரும்புச்சுங்களா?"

"பணம் கட்டினாத்தாம்மா பக்கங்களையே அனுப்புவாங்க. அனுப்பினாலும் எனக்கு இத்தாலி தெரியாது. மொழிபெயர்க்கிற அம்மா எழுதிக் குடுத்தாத்தான் நானே படிப்பேன்." பிறகு, "உங்கள மாதிரிதாம்மா நானும்" என்றார்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகச் சொன்னார். சொன்னபடி போட்டார். கடைசிப் பக்கத்தில், விலைப்பட்டியலுக்குக் கீழே, அவளுடைய முழு வாக்கியமும் சின்ன எழுத்தில் வந்தது. ரேஷன் கார்டில் தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் மூன்று வாரத்தில் திருத்தி வாங்கிக் கொடுக்கிறவள் அவள். இந்தத் திருத்தத்தால் எதுவும் திரும்பி வரவில்லை. விருத்தாசலத்துக்காரர் மட்டும், 'எப்படிச் சொன்னாலும் சார் சொன்னது சரிதான்' என்று எழுதினார்.

அவள் இத்தாலிப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தாள். விற்கிற இரண்டு கடையும் இந்தியாவுக்கு அனுப்பாது. திருட்டுத்தனமாக யாராவது ஏற்றியிருப்பார்களா என்றும் பார்த்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. அப்படிக் கிடைத்த ஒன்றும் ஏழாம் பாகத்தோடு நின்றிருந்தது.

மாது வடக்கே கிளம்புவதற்கு முன்னால் தொடர் முழுவதும் வந்துவிட்டது. உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்ல வந்தான்.

"மதகு வருது அருளு. கடைசில வருது."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "என்ன பண்றான்?"

"என்ன பண்றான், ஒரே கையால அணையத் தூக்கி அந்தாண்ட வெக்கறான்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "நல்லாத்தான் எடுத்திருக்கறாங்க" என்றான், முதலில் இருந்த வேகம் இல்லாமல். பிறகு, "அதுல எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கற?" என்று கேட்டான்.

"தெரியல."

"உனக்கே தெரியலியா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அந்த வெள்ளைக் கோட்டில் நடப்பதை நாம்தான் நடத்துகிறோம் என்று எழுதியவள்தான். மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தச் சக்கரத்தை மனதுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறாள். ஒரு கட்டம் கையில் இருந்தது. அடுத்த கட்டம் என்று ஒன்று இல்லாதபோது நடுவில் கோடு எங்கிருந்து வரும்? எட்டாம் பாகத்தை எடுத்தால் கை சக்கரத்தில் இருக்கிறது. மூடினாலும் அங்கேயேதான் இருக்கிறது.

மாது கிளம்பிப் போனான். இந்தமுறை இரவலாகப் புத்தகம் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

ஜனவரியில் ஆசிரியர் புதிய பட்டியலைப் போட்டார். ஏழு கதைகள். ஐந்தாவதாக இருந்ததைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். நான்கு கதைகளிலிருந்து வெட்டி ஒட்டியது. அதன் படமும் கோடையில் வரப்போகிறது, இரண்டும் ஓடாது. மூன்றாவது கதைக்குப் பெயரே தப்பு. பழைய அருள் என்றால் மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பத்தி எழுதியிருப்பாள். கீழே கேள்விகள் வந்துகொண்டிருந்தன. 'அருள் சார் எங்கே?' 'சார் சொல்லட்டும், அப்புறம் முன்பதிவு செய்யலாம்.'

இந்த வரியை அவள் மறுபடி படித்தாள். இது பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் எங்கோ ஓர் ஊரில் அந்த ஐந்தாவது கதைக்காகவே காத்திருக்கிற ஒருத்திக்கு அது வராமல் போகும். பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவளால் இனி முடியாது.

எதிர் நாற்காலியில் ஒரு அம்மா உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வந்து உட்கார்ந்தாள். "எங்கூட்டுக்காரர் செத்து ஏழு வருசம் ஆச்சு கண்ணு, அப்ப என்னாச்சுன்னா..." என்று தொடங்கினாள். அருள்ராணி குறுக்கே பேசவில்லை. கேட்டுக்கொண்டே, 'எல்லாம் நன்றாக இருக்கிறது. ஏழையும் வெளியிடுங்கள்' என்று தட்டி அனுப்பினாள்.

உடனே ஒருவர் எழுதினார்: 'சார், உங்கள் கணக்கை யாராவது திருடிவிட்டார்களா?'

அருள்ராணி அதற்கும் ஒரு கட்டைவிரல் குறி போட்டுவிட்டு, அந்த அம்மாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.